மூன்று தரமும் தலை

ஒடென்சே,
வெள்ளிக்கிழமை

பெருமதிப்புக்குரிய அத்தானுக்கு,

தவராஜா எழுதுவது. இங்கே நானும் விமலராணியும் மழையும் சுகம். ஓகூஸில் நீங்களும் அக்காவும் உங்கள் முழங்காலும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் அக்கா இடையில் போனைப் பறித்துவிடுவா, பாதிக் கதை போய்விடும். ஆகவே கடிதம். அத்தான், நான் வென்றுவிட்டேன்! எங்கள் தமிழர் ஒன்றியத்தின் தலைவர் இனி நான்தான்!

எல்லாம் உங்களால் வந்தது. உங்கள் மகள் சாரங்கியின் கலியாணப் பந்தியில் உங்கள் பழங்காசுச் சேகரிப்பைப் பற்றிச் சொன்னீர்களே, பெர்ட்டினாக்ஸ் என்ற உரோமச் சக்கரவர்த்தி எண்பத்தேழு நாள்தான் இருந்தான், காவற்படையே அவனை வெட்டிப்போட்டது, அடுத்து வந்த டிடியஸ் ஜூலியானஸ் அரியணையை ஏலத்தில் எடுத்து அறுபத்தாறு நாளில் உயிரையும் விட்டான், ஆனாலும் இரண்டு பேரும் வந்த கையோடு தங்கள் தலை போட்டுக் காசு அடித்துவிட்டார்கள், ஆள் போனாலும் காசு நிற்கிறது என்று! அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் ஒன்றியத்தில் ஒரே வருடத்தில் மூன்று தலைவர்கள் வந்து போனார்கள், ஒருவருடைய முகமும் ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஆகவே போன மாதம் என்னைத் தற்காலிகத் தலைவராகப் போட்டதும், வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கணினிக்கு முன்னால் இருந்து முந்நூறு காசுக்கு ஓடர் கொடுத்தேன். உண்மைக் காசில்லை, கடையில் தள்ளுவண்டியைச் சங்கிலியிலிருந்து கழற்றப் போடும் வில்லை. ஒரு பக்கம் என் தலை, மறுபக்கம் தாமரைப் பூ. சக்கரவர்த்திகளின் தலையில் இலைமாலை இருக்குமே, அதற்குக் குளிர்பெட்டியிலிருந்த கறிவேப்பிலையைக் கட்டிக்கொண்டு படத்துக்கு நின்றேன்.

"உங்களுக்கென்ன விசரே? உந்தக் கறிவேப்பிலைக்கு நான் கோல்டிங் வரைக்கும் ஆள் பிடிச்சு எடுப்பிச்சனான்!" என்று விமலராணி கத்தினா. அந்தச் சத்தத்துக்குத் திரும்பியபோது எடுபட்ட பக்கவாட்டுப் படம்தான் காசில் இருக்கிறது, அச்சொட்டாக உரோமாபுரி! பெட்டி வந்து திறந்தால், எந்தக் காசை எடுத்தாலும் என் முகமே மேலே. நல்ல சகுனம் என்று மூடிவைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தேர்தல். எனக்கு எதிரே குருசுமுத்து. தொழிற்சாலையில் முப்பது வருடம் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்த மனிதர், அவருடைய மனைவி யூலியானா புதுச்சேலையோடு முன்வரிசையில். உண்மையைச் சொல்கிறேன் அத்தான், இந்த வயதில் ஒருதரமாவது மேடையின் நடுக்கதிரையில் இருந்துவிட வேண்டும் என்று அவ்வளவு ஆசை. எண்ணிப் பார்த்தால் எனக்கும் இருபத்துமூன்று, அவருக்கும் இருபத்துமூன்று! சரி, காசு சுண்டிப் பார்ப்போம் என்றார்கள். ஆனால் இந்த டென்மார்க்கில் இப்போது யாரிடம் காசு இருக்கிறது, கோவில் அர்ச்சனைக்கும் போனைத்தானே நீட்டுகிறோம். ஒருவருடைய பையில் ஐந்து குரோனர் அகப்பட்டது, அதற்கு நடுவில் ஓட்டை, தலையுமில்லை பூவுமில்லை. அப்போதுதான் நான் என் காசை எடுத்து நீட்டினேன். குருசுமுத்து வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"நீரே கேளும். தலையோ, பூவோ?" என்றேன்.

"உம்மட தலையை நான் வாயால கேக்கிறதோ? பூ!" என்றார்.

சுண்டினேன். தலை! "ஒருக்கா விழுந்தது கணக்கில்லை, திருப்பிப் போடும். பூ!" என்றார். தலை! "மூண்டாந்தரமும் போடும். பூ!" என்றார். தலை அத்தான், மூன்று தரமும் தலை! சபை எழுந்து கைதட்டியது, விமலராணி அழுதுவிட்டா, யூலியானா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டா. குருசுமுத்து என்னைக் கட்டிப்பிடித்த பிடியில் மூச்சு முட்டியது. முருகனே இறங்கிவந்து போட்ட வோட்டு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

வருகிற ஞாயிறு அல்ல, அதற்கடுத்த ஞாயிறு பதவியேற்பு. நீங்கள் கட்டாயம் வந்து முதல் மாலையைப் போட வேண்டும். அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன் என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்,
தவராஜா
தலைவர் (இனித் தற்காலிகம் இல்லை)

பி.கு.: உறையை ஒட்டுமுன் விமலராணி கடையால் வந்து காசை நீட்டினா. "இஞ்சருங்கோ, இதில பூ எங்க?" அத்தான், பூவே இல்லை! இரண்டு பக்கமும் நான்! ஓடர் கொடுக்கும்போது 'இரண்டு பக்கமும் இதே படமா' என்று டேனிஷில் கேட்ட கேள்விக்கு, வாசிக்காமல் 'யா' அழுத்தியிருக்கிறேன். முந்நூறும் அப்படித்தான். மானம் போய்விட்டதே என்று உடனே குருசுமுத்துவுக்குப் போன் எடுத்து, மன்னிப்புக் கேட்டு, பதவியை நீரே எடும் என்றேன். அவர் எங்கேயோ போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லச் சொன்னார்: "சத்தம் போடாதையும் தவராஜா. அண்டைக்குக் கையில வாங்கேக்கையே பாத்திட்டன். யூலியானாவின்ர ஆக்கினையில எல்லோ நான் தேர்தலுக்கு நிண்டனான். அதுதான் பூ, பூ எண்டனான். ஒருதரத்தோட விட்டா அவ நம்பமாட்டா." பழைய தலைவர்கள் மூவரையும் கேட்டுப் பார்த்தேன், ஒருவர் என் குரல் கேட்டதுமே போனை வைத்துவிட்டார். உரோமாபுரியில் பதவியைப் பறிக்கக் கத்தியோடு வந்தார்கள். இங்கே நானாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை, அத்தான்.