இறுகிய மூடியும் ‘ஒரே ஒரு தடவை’ ஆசாமியும்

என் அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, காரின் கியர் பாக்ஸில் இறுகிக் கிடந்த மூடி ஒன்றை மேலும் இறுக்கியது. கழற்றத்தான் போனோம்.

அப்பா ‘ஒரே ஒரு தடவை’ ஆசாமி. இந்த இனம் உங்களுக்குப் பழக்கமானதுதான். ஒட்டிக்கொண்ட ஜன்னலோ அடைத்துக்கொண்ட குழாயோ மாட்டிக்கொண்ட பூட்டோ ஒரு தடவை இவர்கள் கைக்கு வந்துவிட்டால் பிறகு இன்னொருவர் கைக்குப் போகாது. கை சிவந்தாலும், சாப்பாடு ஆறினாலும், வீட்டிலுள்ளவர்கள் ஜன்னலை மறந்துவிட்டு இவர்களைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தாலும், “விடு, இன்னும் ஒரே ஒரு தடவை” என்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எண்ணினேன். முப்பத்தொரு ஒரே ஒரு தடவை.

தொழில் தெரிந்தவன் பக்கத்தில் வந்து நின்றால் நிலைமை இன்னும் மோசம். எங்கள் தெருவிலேயே, எட்டு வீடு தள்ளி, மெக்கானிக் இருக்கிறார். நல்ல மனிதர். அது அவர் குற்றமா? அவர் சைக்கிளில் கடந்துபோன போதெல்லாம் காருக்கு அடியில் கிடந்த அப்பா அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது முறை அவர் சைக்கிளை நிறுத்தியே விட்டார்.

“சார், நான் ஒரு கை பாக்கட்டுமா?”

“ஒண்ணுமில்லப்பா. சும்மா படுத்திருக்கேன்.”

“காருக்கு அடியிலயா சார்?”

“நிழலா இருக்கு.”

விஷயம் இதுதான். கியர் பாக்ஸுக்கு இரண்டு மூடிகள். அடியில் இருப்பது பழைய ஆயிலை வடிக்க, பக்கவாட்டில் சற்று மேலே இருப்பது புது ஆயிலை ஊற்ற. விவரம் தெரிந்தவன் முதலில் மேல் மூடி கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழ் மூடியைத் தொடுவான். வடித்துவிட்டு ஊற்ற முடியாமல் போனால் வண்டியை ஓட்ட முடியாது. நான் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் பராமரிப்புக் குறிப்பு எழுதுகிறவள். இந்த எச்சரிக்கையை மட்டும் ஒன்பது இயந்திரங்களுக்கு எழுதியிருக்கிறேன். அன்று நான் தேநீரோடு வாசலுக்கு வந்தபோது, அம்மாவின் துணி அலசும் பேசினில் கறுப்பு ஆயில் நிறைந்திருந்தது.

“அப்பா, மேல் மூடி கழலுதான்னு பாத்தீங்களா?”

“கீழ் மூடி எப்படி வந்துச்சு தெரியுமா? வெண்ணெய் மாதிரி.”

“நான் கேட்டது மேல் மூடியை.”

“அண்ணன் வெண்ணெய்னா தம்பி மட்டும் வேற மாதிரியா இருப்பான், இன்ஜினியரம்மா? ஒரே குடும்பம்தானே!”

தம்பி அசையவில்லை. துரு நீக்கும் எண்ணெயைப் பீய்ச்சினோம், அசையவில்லை. வெந்நீர் ஊற்றினோம், என் தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடேற்றினோம், சுத்தியலால் மெல்லத் தட்டினோம், பிறகு மெல்லத் தட்டவில்லை. அப்பா அதனிடம் முதலில் கெஞ்சினார், பிறகு அதன் பரம்பரையை இழுத்தார். கடைசியில் நெம்புகோல் நீளமாக வேண்டுமென்று துணி காயப்போடும் பைப்பை உருவிக்கொண்டு வந்து ஸ்பேனரின் கைப்பிடியில் செருகினார்.

அம்மா கைத்தடியை ஊன்றி வாசலுக்கு வந்தாள். “காயப்போட்ட துணியெல்லாம் தரையில கிடக்கு. பைப்பு எங்க?”

“பைப்பு நல்ல காரியமாப் போயிருக்கு.”

“நாளைக்கு ஏழு மணிக்கு நான் போகணும். அது ஞாபகம் இருக்கா?”

“ஏழு மணிக்கு வண்டி வாசல்ல நிக்கும். பாரு!”

நின்றது. இன்றும் நிற்கிறது.

அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் முடிந்து அப்போது மூன்று வாரம். திங்கள், வியாழன் காலைகளில் ஆஸ்பத்திரியில் பயிற்சி. பஸ் படியில் ஏற முடியாது. காலை நேராக நீட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும்; அதற்காகவே அப்பா எங்கள் காரின் முன் இருக்கையைக் கழற்றி, ஒரு சாண் பின்னால் தள்ளிப் பொருத்தியிருந்தார். அவளைச் சௌகரியமாகக் கூட்டிப்போகிற வண்டிக்கு நல்ல ஆயில் இருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய வேலைக்கே காரணம்.

இனி என் பங்கு. மல்லாந்து கிடந்த அப்பாவுக்கு மூடி கண்ணில் படாது, கைக்குத்தான் படும். நான் முன்பக்கமாகக் குனிந்து டார்ச் அடித்தேன். நாற்பது வருடமாக யாரிடமும் வழி கேட்காத மனிதர், ஊர் தெரியாமல் சுற்றினாலும் சுற்றுவாரே தவிர ஜன்னல் கண்ணாடியை இறக்காத மனிதர், அன்று கேட்டார்.

“எந்தப் பக்கம்மா திருப்பணும்?”

“இடது பக்கம்ப்பா.”

இடது பக்கம் திருப்பினார். வாழ்க்கையில் முதல் முறையாக என் பேச்சைக் கேட்டார். பைப்பின் முழு நீளத்துக்கும் கேட்டார்.

நான் மூடியில் மாட்டிய ஸ்பேனரைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைப் பின்னாலிருந்து பார்த்தால் முள் எந்தப் பக்கம் ஓடும்? அதேதான். என் இடது, மூடிக்கு வலது. இது எனக்கு உறைத்தது சாயங்காலம், முகம் கழுவக் குழாயைத் திருகியபோது. அப்பாவிடம் சொன்னேனா? காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் அவர் அம்மாவுக்கு வாடகைக் காரைச் சொல்லிவிட்டு, மூடிகளுக்குப் போட வாஷர் வாங்கக் கிளம்பினார். தெருமுனை வரை போனார்.

மாரடைப்பு வந்தது பைப்பைப் போட்டு இழுத்ததாலா என்று டாக்டரிடம் கேட்டேன். இல்லை, எந்த நாளிலும் நடந்திருக்கும் என்றார். இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டேன். அதே பதில்.

அது நடந்து ஆறு வாரமாகிறது. அம்மா வாடகைக் காரின் பின் இருக்கையில் குறுக்கே உட்கார்ந்து போய் வருகிறாள். வீடு திரும்பியதும் பயிற்சிக்குப் போனதால் வந்த வலியையும் வண்டியில் போனதால் வந்த வலியையும் தனித்தனியாகச் சொல்கிறாள். நான் தினமும் அலுவலகம் விட்டு வந்து காருக்கு அடியில் படுக்கிறேன். இப்போது சரியான பக்கமாகத்தான் திருப்புகிறேன். எங்கள் இருவரின் பலமும் ஒரு பைப்பும் சேர்ந்து இறுக்கியது, சுலபத்தில் வருமா? மெக்கானிக் சைக்கிளை மெதுவாக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

நேற்று அம்மா அப்பாவின் வேலைச் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பாக்கெட்டில் ஒரு சீட்டு. அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. “செப்பு வாஷர் 2. மெக்கானிக்கை வரச் சொல்லணும். இன்ஜினியரம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.”

அம்மா அதை என் முன்னால் நீட்டினாள். “அவரே விட்டுக்கொடுத்துட்டாருடி. நீ எதைப் பிடிச்சிட்டுத் தொங்குற?”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டில் திறக்காத ஜாம் பாட்டில் ஒன்று வந்தபோது, கை நீட்டிக் கேட்டவரிடம் உடனே கொடுத்தீர்களா, இல்லை, முதுகைத் திருப்பிக்கொண்டீர்களா? யோசித்துப் பாருங்கள். இந்த இனத்துக்குக் கொம்பு முளைப்பதில்லை. கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

வாஷர் இரண்டும் வாங்கிவிட்டேன். மிச்சம் இருப்பது சீட்டின் இரண்டாவது வரி. இன்று ஞாயிற்றுக்கிழமை, நாளை ஏழு மணிக்கு அம்மா போக வேண்டும். மெக்கானிக் வீட்டில்தான் இருக்கிறார், அவர் சைக்கிள் வாசலில் நிற்பது இங்கிருந்தே தெரிகிறது. எட்டு வீடுதான். போய்ச் சொல்லத்தான் போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை.