பேர் போடாத பிளாக்

தெருவில் அவரை எல்லோரும் காதுக்காரர் என்பார்கள். காது கேட்காதவர்களுக்குக் கருவி பொருத்தும் நிலையத்தில் வேலை. காதுக்கு அச்சு எடுப்பது, ஒலியைச் சரிபார்ப்பது, பேட்டரி மாற்றுவது என்று பத்தொன்பது வருஷமாக ஊரார் காதுகளுக்குள்தான் குடித்தனம். பகலெல்லாம் எல்லோரும் அவரிடம் கத்திப் பேசுவார்கள். அவரும் திருப்பிக் கத்துவார். வீட்டுக்கு வந்தால் வாய் இருக்கும், வாய்ப்பு இருக்காது.

அப்படிப்பட்டவர் போன வருஷம் எழுத்தாளராவது என்று முடிவு கட்டினார். உலகமே தன் எழுத்தைப் படிக்க வேண்டும். ஆனால் எழுதுவது தான்தான் என்று ஈ எறும்புக்குக்கூடத் தெரியக்கூடாது. அதற்குத் தோதாக ஒரு பிளாக் ஆரம்பித்து, 'கேட்டதும் கேளாததும்' என்று பெயர் வைத்தார். தன் பெயரைப் போடவில்லை. யார் பெயரையும் போடவில்லை. நிலையத்தை நடத்தும் டாக்டரம்மா அதில் 'இடி'. வீட்டுக்காரி 'உள்துறை'.

ஒரே ஒரு சிக்கல். சின்ன 'ர'வும் பெரிய 'ற'வும் அவருக்கு இரட்டைப் பிள்ளைகள். எது எது என்று பிரித்துச் சொல்ல வராது. மனைவியோ பாடப்புத்தகம் அச்சடிக்கும் இடத்தில் பிழை திருத்துபவள். வேறு வழியில்லாமல் அவளிடமே போய் நின்றார்.

"எழுத்துப் பிழையை மட்டும் பாரு. கருத்துல கை வைக்காதே."

"உங்க கருத்துல கை வைக்க எங்கிட்ட கையுறை இல்ல."

முதல் கட்டுரையைப் படித்துவிட்டுக் கேட்டாள்.

"உள்துறைங்கறது யாருங்க?"

"அதுவா? அது ஒரு கற்பனைப் பாத்திரம்."

"ஓஹோ" என்றாள். ஒரு 'ற'வைத் திருத்தினாள். அதோடு விட்டுவிட்டாள். தப்பித்தோம் என்று காதுக்காரர் நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து சனிக்கிழமை மதியம் அவர் எழுதுவார். ஞாயிறு காலை அவள் திருத்திப் போடுவாள். போட்டதை அவர் திரும்பப் படிப்பதே இல்லை. எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்று எண்ணுவதோடு சரி. கீழே யாராவது 'பாவம் சார் நீங்க' என்று எழுதியிருந்தால், உள்துறையிடம் தான் படும் பாட்டுக்கு உலகமே உருகுகிறது என்று நெஞ்சு நிறைந்துபோவார்.

போன சனிக்கிழமை எழுதியதுதான் அவருடைய சாதனை. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் காதுக் கருவி வாங்கினார். வாங்கிய மறுவாரமே வந்து, மனைவி பேசும்போது மட்டும் கருவியை அணைக்க வழி உண்டா என்று ரகசியமாகக் கேட்டார். காதுக்காரர் சின்ன பட்டன் ஒன்றைக் காட்டிக்கொடுத்தார். அன்றுமுதல் அந்த வீட்டில் ஒரே அமைதி. அம்மா பேசுவார். ஐயா பட்டனை அமுக்கிவிட்டுத் தலையை ஆட்டுவார். தலைமை ஆசிரியர் 'தலையாட்டும் ஆசிரியர்' ஆன கதை என்று அதற்குத் தலைப்பு.

மனைவி பேனாவைக் கீழே வைத்தாள்.

"இதை அவர் வீட்டம்மா படிச்சா?"

"படிக்கட்டுமே. பேரு எங்க இருக்கு?"

"பேரு இல்ல. வலது காதுக்குப் பின்னாடி மச்சம் இருக்கு. மஞ்சள் கேட் இருக்கு. ரெண்டு வெள்ளை நாய் இருக்கு."

"நாய்க்கும் பேரு போடலையே!"

அவள் பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டாள். காதுக்காரர் தன் வாதத் திறமையை மெச்சியபடி படுத்துத் தூங்கினார்.

ஞாயிறு சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பதினான்கு பேருக்குப் பிடித்திருந்தது. திங்கட்கிழமை காலை, இருநூற்றுப் பதினைந்தாவது ஆள் நிலையத்துக்கே வந்துவிட்டார். தலைமை ஆசிரியரின் மனைவி. ஒரு கையில் குடை, மறு கையில் போன்.

"இந்த பிளாக் எழுதுற ஆளு இங்கதானே வேலை பாக்கறாரு?" என்று அவர் வரவேற்பில் கேட்டது, உள் அறையில் அச்சு எடுத்துக்கொண்டிருந்த காதுக்காரருக்குத் துல்லியமாகக் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கும் காது கேட்காமல் போயிருக்கலாமே என்று தோன்றியது.

பேட்டரி வைக்கும் அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கி, போனை எடுத்து, பிளாக்கையே அழித்துவிடலாம் என்று கடவுச்சொல்லைத் தட்டினார். தவறு என்றது. மறுபடி தட்டினார். மறுபடியும் தவறு. மனைவியைக் கூப்பிட்டார்.

"பாஸ்வேர்ட் என்னாச்சு?"

"நேத்து மாத்திட்டேன்."

"மாத்திட்டியா? என்னன்னு மாத்தின? சீக்கிரம் சொல்லு, அந்தம்மா குடையோட வந்திருக்காங்க!"

"மழை வருமோ என்னவோ. நான் நாலாம் வகுப்பு கணக்குப் புத்தகத்துல இருக்கேன், அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டாள். அதே நேரம் டாக்டரம்மாவின் குரல் வந்தது.

"கொஞ்சம் உள்ள வாங்க."

பத்தொன்பது வருஷ வேலை அந்தக் கதவோடு முடிந்தது என்று நினைத்தபடி காதுக்காரர் உள்ளே போனார். டாக்டரம்மா எதிரில் குடையம்மா உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, இதை எழுதினது நீங்கதானா?"

"அம்மா, அது வந்து... பேரு போடலையே..."

"மூணாவது மாடி, நாலு மாசமா ஓடாத லிஃப்ட், மீன் இல்லாத மீன்தொட்டி. இத்தனையும் எழுதினப்புறம் பேரு எதுக்கு?" என்றார் டாக்டரம்மா. "எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்."

காதுக்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஆரம்பத்திலிருந்தே என்றால் 'இடி'யும் தெரியும். 'இடி இறங்கினால் மூன்று மாடிக்கும் மின்சாரம் போகும்' என்று எழுதியதும் தெரியும்.

குடையம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனைத் தள்ளிப் பிடித்து, உரக்கப் படித்தார்.

"'என் மனைவி பேச ஆரம்பித்ததும், சோதனைக்காக வீட்டுக்குக் கொண்டுவந்த கருவியைக் காதில் மாட்டி, பட்டனை அமுக்கிவிடுவேன். பிறகு தலையை மட்டும் ஆட்டுவேன். நேற்று அப்படி ஆட்டியதில், என் மாமியார் ஒரு மாதம் எங்கள் வீட்டில் தங்குவதற்குச் சம்மதித்துவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது.'"

படித்து முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காதுக்காரர் எட்டி அந்த போனைப் பார்த்தார். தலைமை ஆசிரியர் எங்கே? மச்சம் எங்கே? வெள்ளை நாய்கள் எங்கே? மாமியார் எங்கிருந்து வந்தார்?

"இதை என் வீட்டுக்காரர்கிட்டயும் முழுசா படிச்சுக் காட்டினேன் தம்பி" என்றார் குடையம்மா. "தலையை ஆட்டிக்கிட்டே இருந்தார். அப்பதான் சந்தேகம் வந்துது. அவரும் பட்டனை அமுக்கறாரா? உண்மையைச் சொல்லுங்க."

காதுக்காரர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா அவரைப் பார்த்தார்.

"அம்மா, ஒருத்தர் காதைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட நாங்க பேசறதில்ல" என்றார் காதுக்காரர். தன் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

"அப்ப அந்த பட்டனையாவது எடுத்துடுங்க."

"அதை அவர்தான் கேக்கணும்மா."

"அவர் எங்க தம்பி கேக்கறாரு!"

குடையம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டார். டாக்டரம்மா காதுக்காரரின் தோளைத் தட்டினார். "இங்க வர்றவங்களைப் பத்தி ஒரு வரி இல்ல. என்னைப் பத்தி ஒரு குறை இல்ல. கிண்டல் எல்லாம் உங்களையேதான். இந்த அடக்கம் யாருக்கு வரும்? எழுதுங்க, நிறைய எழுதுங்க."

வெளியே வந்து நாற்காலியில் விழுந்தவருக்கு, மூச்சு என்பது இவ்வளவு நல்ல சமாச்சாரமா என்று இருந்தது. வேலை இருக்கிறது. தலைமை ஆசிரியர் பத்திரம். படியிறங்கும்போது லிஃப்ட் மேல்கூடக் கோபம் வரவில்லை.

சாயங்காலம் மனைவி எதிரில் போய் உட்கார்ந்தார்.

"எத்தனை கட்டுரையில கை வச்ச?"

"எல்லாத்துலயும்."

"எல்லாத்துலயுமா!"

"ஊரான் சட்டையைக் கிழிச்சா சண்டைக்கு வருவான். உங்க சட்டையைக் கிழிச்சா யாரு வருவா? அதான், மத்தவங்க செஞ்ச கோமாளித்தனத்தை எல்லாம் நீங்க செஞ்சதா மாத்திட்டேன். சிலதை மாத்தவே வேண்டியிருக்கல."

"உள்துறை?"

"அந்தக் கற்பனைப் பாத்திரத்தை எடுத்துட்டு, நெஜ மனைவியைப் போட்டேன். பொறுமைசாலி. புத்திசாலி."

சண்டை போடலாமா என்று யோசித்தார். காலையில் பட்ட பயத்தை நினைத்ததும் கை தானாகக் கும்பிட்டது.

"நல்லவேளை, நீ இருந்த" என்றார். மனசார.

பிறகு ஆற அமர பிளாக்கைத் திறந்து, முதல்முறையாகத் தன் எழுத்தைத் தானே படித்தார். நன்றாகத்தான் இருந்தது. இரண்டு இடத்தில் வாய்விட்டே சிரித்தார். போனால் போகட்டும், ஊருக்கு நாம்தானே எழுத்தாளர் என்று மனதைத் தேற்றியபடி, கடைசிவரை இறக்கிப் பார்த்தார். மைத்துனி எழுதிய கருத்து ஒன்று அப்போதுதான் வந்து விழுந்தது.

'அக்கா, இந்த வாரம் அத்தானை அச்சு அசலா எழுதியிருக்க. அவருக்கு இன்னும் தெரியாதுதானே?'