கீச்சுச் சத்தத்தின் அசல் நிலை

குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டே இதை எழுதுகிறேன். ஒரு துணி மடித்தால் ஒரு வரி.

என் வீட்டுக்காரர் மேடைகளில் கிட்டார் வாசிக்கிறவர். வீட்டில் பழகினால்தான் பிழைப்பு. பழகினால் அவருடைய ஆம்ப்ளிஃபையர் காதில் ஊசி குத்துகிற மாதிரி கீச்சென்று கத்தும், குழந்தை தூங்காது. மேல்வீட்டு அக்கா பொறுக்கமாட்டாமல் சத்தக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் புகார் எழுதிவிட்டார்.

அலுவலகம் யோசித்துக்கொண்டிருந்தபோது இவர் பெட்டியைப் பிரித்து, பொடிசாக ஒரு கெப்பாசிட்டரைப் பற்றவைத்தார். "கீச்சு மட்டும் இது வழியா எர்த்துக்குப் போயிடும். மிச்சம்தான் ஸ்பீக்கருக்கு வரும்" என்றார். அப்படியே ஆயிற்று. கம்பளி போர்த்தின மாதிரி ஒரு நாதம். குழந்தை தூங்கியது. அக்காவே இறங்கி வந்து, "தம்பி, இன்னொண்ணு வாசிங்களேன்" என்றார்.

எல்லாம் சரியான பிறகு அதிகாரி வந்தார், கையில் சத்தம் அளக்கும் கருவியோடு.

"வாசிங்க."

வாசித்தார். கருவியின் முள் லேசாக அசைந்ததோடு சரி.

"சத்தம் எங்கே?"

"குறைச்சுட்டேன் சார்."

"யார் உத்தரவுல? அரசாங்கம் குறைக்கவேண்டிய சத்தத்தை நீங்களே குறைச்சுட்டா, அரசாங்கம் எதைக் குறைக்கிறது?"

அதிகாரி அக்காவிடம் திரும்பினார். "சத்தம் இல்லை, புகார் மட்டும் இருக்கு. அப்போ பொய்ப் புகார். நடவடிக்கை உங்க மேலதான்."

"ஐயோ தம்பி, அதைப் பிடுங்கிப் போடுங்க! நல்லா இருப்பீங்க!"

பிடுங்கினார். கீச்! முள் பாதி தூரம் ஏறியது. குழந்தை விழித்து வீறிட்டது. முள் கடைசிவரை போய் முட்டி நின்றது. அதிகாரியின் முகம் மலர்ந்தது.

"இது யார் தயாரிப்பு?"

"எங்களோடதுதாங்க" என்றேன், கதவுக்குப் பின்னாலிருந்து.

"உள்ளே ஏதாவது மாத்தினீங்களா?"

"இல்லைங்க. பொறந்தது பொறந்தபடியே இருக்கு."

"நல்லது. விசாரணை முடியும்வரை பெட்டி, குழந்தை இரண்டும் அசல் நிலையிலேயே பராமரிக்கப்பட வேண்டும். தூங்கவைத்தல் தடயத்தை அழித்தலாகக் கருதப்படும்."

இவர் கையெழுத்துப் போட்டார். அக்கா சாட்சி. அவ்வளவு பெரிய மனிதரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் நானும் "சரிங்க சார்" என்றுவிட்டேன்.

அதிலிருந்து அதிகாரி நினைத்தபோதெல்லாம் சோதனைக்கு வருகிறார். குழந்தை கண்ணசந்தால் புகார் பொய்யாகிவிடுமே என்று அக்கா மாடியில் தட்டைத் தட்டுகிறார். கீச்சு குறைந்தால் தடயத்தை அழித்ததாகச் சொல்லிப் பெட்டியைப் பறித்துவிடுவார்களே என்று இவர் கீச்சைக் கூட்டிவைக்கிறார். பெற்றவள் நான் ஒருத்திதான் சட்டத்தை மீறுகிறவள். இன்றைக்கு அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து, தட்டித் தட்டித் தூங்கவைத்துவிட்டேன். என்ன அழகாகத் தூங்குகிறது, குற்றம் என்றே தெரியாமல்.

மாடியிலிருந்து அக்கா கூப்பிடுகிறார்: "ஏம்மா, கீழே சத்தத்தையே காணோம்? அந்த ஆள் தெருமுனைக்கு வந்தாச்சு, பிள்ளையைக் கிள்ளிவிடு!" இதோ கிள்ளுறேங்க்கா என்று சொல்லிவிட்டு, நான் போய் அதன் தொடையில் இன்னும் இரண்டு தட்டு தட்டிக்கொடுக்கிறேன், தூங்கட்டும்.