தலைவலித் தைலத்துக்குப் போட்டோ பிடித்த விஷயம்

மேலகரம்,
1934, ஆடி 12

மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் நல்லகண்ணு அவர்கள் சமூகத்துக்கு ஆவுடையப்பன் நமஸ்காரம். இவ்விடம் நான் ஒருவன் நீங்கலாக யாவரும் சுகம். கொழும்பில் தங்கள் சுகத்துக்கு எழுதவும்.

என் தைலத்தை அங்குள்ள பத்திரிகையில் விளம்பரம் செய்யலாம், குப்பியைப் போட்டோ பிடித்து அனுப்பு, இந்த ஒரு காரியத்தையாவது உருப்படியாகச் செய் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி வரியைத் தங்கள் தங்கை இராமலட்சுமி எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள்.

உடனே தென்காசியில் போட்டோ பிடிக்கிற முகம்மது மீரானிடம் போனேன். கல்யாணமும் பிணமும் பிடித்துப் பழகினவர். சுண்டுவிரல் உயரக் குப்பியைப் பார்த்து, "ஆளுன்னா அசையாதீகன்னு சொல்லுவேன். இதுகிட்ட என்னத்தச் சொல்ல, அண்ணாச்சி?" என்றார். அசையாது என்று நான் பொறுப்பேற்றுக்கொண்டேன். ஜமீன்தார் நாற்காலியில் குப்பியை வைத்து, பின்னால் அரண்மனைத் திரையைத் தொங்கவிட்டுப் பிடித்தார். நாற்காலி பிரமாதமாக விழுந்தது. குப்பி, யாரோ மறந்துவைத்துவிட்டுப் போன பல் மாதிரி இருந்தது. கிட்டத்தில் போய்ப் பிடித்தால் ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பளீரென்று அடித்து, லேபிளில் 'தலைவலி' மட்டும் தெரிந்தது, 'தைலம்' தெரியவில்லை. "வெளிச்சம் நேரா அடிக்கக்கூடாது, வெள்ளைத் துணியில வடிஞ்சு விழணும்" என்றார். வெள்ளைத் துணிக்கு எங்கே போக என்று கேட்டேன். அவர் என் இடுப்பைப் பார்த்தார்.

என் வேட்டியைக் குப்பிக்குக் கூடாரமாகக் கட்டி முடிக்கவும் சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் அருவி நல்லா விழுதுன்னு ஊரே சந்தோஷப்படுது, நாங்க ரெண்டு பேரும் மலையைப் பார்த்து ஏசிக்கிட்டு இருக்கோம். மூன்று நாள் வேட்டியை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகவே போயிற்று. நாலாம் நாள் வெயில் வந்தது, அதுவும் உள்ளே வராமல் தெருவிலேயே நின்றது. மீரான் ஒரு பெரிய முகக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, "வாசல்ல நின்னு வெயிலை உள்ள திருப்பி விடுங்க" என்றார்.

"இந்தக் கோலத்திலயா?"

"வெயிலு போயிரும், அண்ணாச்சி."

போனேன். நான் திருப்பிய வெயில் முதலில் ஒரு மாட்டின் கண்ணில் பட்டது. புளியறையிலிருந்து பலாப்பழம் ஏற்றி வந்த வண்டி. மாடு மிரண்டு ஓட, பழம் பூராவும் தெருவில் உருண்டது. வண்டிக்காரன், "ஏலே, யாருலே அது, கோமணத்தோட நடுத்தெருவில கண்ணாடி பாக்குதவன்?" என்று கேட்க, கூட்டம் கூடிவிட்டது. கையை அசைத்தால் வெளிச்சம் விலகிவிடும். தங்கள் கடைசி வரியை நினைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.

படம் அருமை. உள்ளே விளக்கு எரிவது போலத் தைலம் ஜொலிக்கிறது, ஓர் எழுத்து விடாமல் தெரிகிறது. ஆனால் குப்பியின் வயிற்றில், உளுந்து அளவில், கோமணமும் கண்ணாடியுமாக நான் நிற்கிறேன். முகம்கூடத் தெளிவு. "ஆளு பிடிச்சுப் பழகின கைல்லா" என்கிறார் மீரான்.

ஆகையால் அத்தான், விளம்பரத்தில் எழுத்து மட்டும் போடச் சொல்லவும். அந்தப் படத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டியிருக்கிறேன். என் உயிர் உள்ளவரை அது வெளியே வராது. குற்றாலநாதர் தங்களையும் குழந்தைகளையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஆவுடையப்பன்

பி.கு.: உறை ஒட்டப் பசை கேட்டபோது இராமலட்சுமி சொல்லுதா, படத்தை நேற்றே தங்களுக்குத் தபாலில் போட்டுவிட்டாளாம். பெட்டிக்கு இன்னொரு சாவி இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும். பத்திரிகைக்காரருக்குக் குழப்பம் வேண்டாமென்று பின்புறத்தில் ஒரு வரியும் எழுதியிருக்கிறாள்: "உள்ளே நிற்பவர், தைலத்தின் சொந்தக்காரர்."