பொன்னாடையைக் கண்டால் ஓடும் விசில் டாக்டர்

காஞ்சிபுரத்தில் நாற்காலியை இவ்வளவு வெறுத்த இன்னொரு ஆள் கிடையாது. தேடினாலும் கிடைக்காது. பேருந்தில் ஜன்னலோரம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கல்யாணத்தில் பந்தியில் உட்கார வைத்தால், சாம்பார் வருவதற்குள் எழுந்து வாளியைப் பிடுங்கிப் பரிமாற ஆரம்பித்துவிடுவார். சொந்தத் தம்பியின் கல்யாண போட்டோவில் குடும்பமே கேமராவைப் பார்த்துச் சிரிக்க, அவர் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருப்பார். கேட்டால், "அந்தப் பக்கம் மாமா டான்ஸ் ஆடிக்கினு இருந்தாரு, அவருக்கு ஹார்ட் வீக்" என்பார். ஸ்டெதாஸ்கோப் தொங்க வேண்டிய கழுத்தில் விசில் தொங்கும். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. விசில் டாக்டர் என்றால்தான் யாருக்கும் தெரியும்.

நான் ஜுரம், சளி, வயிற்றுவலி பார்க்கிற சாதாரண டாக்டர். கிளினிக்கில் என் சுழல் நாற்காலிக்கும் எனக்கும் ஒரே சமயத்தில் முதுகு வலி வந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு ஓர் அறிவிப்பு வந்தது. விளையாட்டு அணிகளுக்கும் போட்டிகளுக்கும் மருத்துவம் பார்க்க டாக்டர்களுக்குப் பயிற்சி, ஞாயிறு தோறும், மதியச் சாப்பாடு உண்டு. கடைசி வரியைப் பார்த்துச் சேர்ந்தேன். தோல் டாக்டர் சௌந்தரும் அதே வரியைத்தான் படித்திருந்தார்.

ஏசி அறை, திரையில் படங்கள், நடுவில் பிஸ்கட் என்று நினைத்துப் போனால், வகுப்பு ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். சொல்லிக்கொடுக்க வந்த விசில் டாக்டர் எங்களைவிட இருபது இருபத்தைந்து வயது சின்னப் பெண். ஏதோ ஒரு கால்பந்து அணியோடு டாக்டராக ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவர். சௌந்தர் ஹெட்மாஸ்டர் அறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சேர் எதுக்கு சார்?"

"உக்காரத்தான் மேடம்."

பீப்! காது அடைத்துப்போனது.

"அது கிளினிக்ல. இங்க உக்காந்தா முன்னாடி நிக்கிறவன் முதுகுதான் தெரியும். எழுந்துக்கோங்க."

அன்று தொடங்கியது எங்கள் கஷ்டகாலம். அவருக்கு ஒரு நிமிடம் ஓரிடத்தில் கால் தரிக்காது. பேசிக்கொண்டே கோட்டோரமாக நடப்பார், நாங்கள் பின்னால் ஓட வேண்டும். "பந்த ஊரே பாக்குது. நீங்க எதுக்குப் பாக்கறீங்க? பந்து போன பின்னாடி யாரு எழுந்துக்கலன்னு பாருங்க" என்பார். "கிளினிக்குக்கு வர்றவரு இல்லாத வலியையும் சேர்த்துச் சொல்லுவாரு. இங்க இருக்கிறவன் இருக்கிற வலிய மறைப்பான். அவன் வாயை நம்பாதீங்க" என்பார். கழுத்தில் அடிபட்டவனை எப்படிப் புரட்டுவது என்று காட்ட சௌந்தரைப் படுக்கவைப்பார். அவரை நாங்கள் ஒரே சமயத்தில் உருட்டவேண்டும். சௌந்தர் நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. மதியச் சாப்பாட்டை நான் படுத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

வகுப்பு முடிந்தால் விட்டுவிடுவார் என்று நினைப்பது தப்பு. ஒரு நாள் பேருந்து நிலையம் பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தோம். டீயில் ஒரு வாய் குடித்த விசில் டாக்டர், கிளாஸைப் பத்திரமாக மேடைமேல் வைத்துவிட்டு, பொத்தென்று தரையில் விழுந்து கை கால்களை வெட்ட ஆரம்பித்தார். கிளாஸைப் பத்திரமாக வைத்தபோதே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

"ஐயோ, காக்கா வலிப்புபா! இரும்பு குடுங்கபா கையில!" என்று டீ மாஸ்டர் கத்தினார். ஒரு பெண்மணி பீரோ சாவியைத் திணித்தார். ஒருவர் சோடாவை உடைத்து முகத்தில் அடித்தார். கூட்டம் சூழ்ந்து, உள்ளே காற்றுகூடப் போக முடியாத நிலை. நாங்கள் வெளி வட்டத்தில் நின்று எட்டி எட்டிப் பார்த்தோம். தரையிலிருந்து விசில் சத்தம் வந்தது. கூட்டம் அலறிக்கொண்டு விலகியது. அவர் நனைந்த தலையோடு எழுந்து கையை விரித்துக் காட்டினார். உள்ளே நாலைந்து சாவிகள்.

"இத்தன டாக்டர் நிக்கறீங்க, கூட்டத்த விலக்க ஒருத்தருக்கும் தோணல. சரி, இந்தக் கார் சாவி யாருது?"

சௌந்தர் தலையைக் குனிந்துகொண்டு, "அவசரத்துல கை அதுவா போயிடுச்சு மேடம்" என்றார். மருத்துவக் கல்லூரியில் படித்ததெல்லாம் ஒரு பக்கம், வீட்டில் பார்த்து வளர்ந்தது ஒரு பக்கம். என் கையும் பாக்கெட்டுக்குப் போயிருந்தது. நல்லவேளை, சாவி மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை.

ஆனால் விசில் டாக்டரின் முதல் எதிரி நாற்காலியும் இல்லை, சாவியும் இல்லை. பொன்னாடைதான். பட்டு நெய்கிற ஊரில், எந்த விழாவானாலும் டாக்டர் என்று தெரிந்தால் மேடைக்கு இழுத்துப் போய்ச் சால்வை போர்த்தாமல் விடமாட்டார்கள். ஒரு பள்ளி விளையாட்டு விழாவில் எங்கள் சௌந்தர் அப்படித்தான் மேடையில் மாட்டிக்கொண்டார். சால்வை, மாலை, நினைவுப் பரிசு, போட்டோ எல்லாம் முடிந்து அவர் கீழே இறங்குவதற்குள், கால் சுளுக்கிய பெண் நொண்டிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்திருந்தாள். அன்றிலிருந்து விசில் டாக்டர் பொன்னாடையைக் கண்டாலே ஓட்டம்தான்.

முசரவாக்கத்தில் நடந்த கபடிப் போட்டிதான் எங்களுக்குக் கடைசிப் பரீட்சை. விழாக் குழுத் தலைவர் வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார். "எங்க ஊரு விக்னேஷ்மா. ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனியில கான்ட்ராக்ட்டுல நின்னுக்கினு இருக்கான். இன்னிக்கு ஆட்டத்தப் பாக்க ஆபீசர் வந்துகிறாரு. நல்லா ஆடிட்டான்னா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேல. அவன் வாழ்க்கயே இன்னிக்குத்தாம்மா" என்றார். காலையில் அவன் தாமல் அணியைத் தனியாளாக நார் நாராகக் கிழித்தான். சாயங்காலம் காஞ்சிபுரம் அணியோடு இறுதி ஆட்டம்.

ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடங்கள் இருக்கும். மைக்கில், "மருத்துவக் குழு டாக்டரம்மா மேடைக்கு வரவும்" என்றார்கள். விசில் டாக்டர் கையை மட்டும் ஆட்டினார், கண் களத்தைவிட்டு நகரவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடி கை. ஊர் மரியாதையைக் காப்பாற்றத் தலைவரே பட்டுச் சால்வையோடு கோட்டோரம் வந்துவிட்டார்.

"டாக்டரம்மாக்கு மரியாத பண்ணாம எப்டிமா?"

"அண்ணா, கொஞ்சம் தள்ளுங்க."

அவர் இடது பக்கம் எட்டிப் பார்த்தால் தலைவரும் இடது பக்கம் வந்தார். வலது பக்கம் போனால் வலது பக்கம். தலைவர் சால்வையைத் திரை மாதிரி விரித்துப் பிடித்தார். இவர் அதற்கு அடியில் குனிந்து பார்த்தார். சரியாக அந்த நேரம், விக்னேஷ்மேல் நாலைந்து பேர் மொத்தமாக விழுந்தார்கள். எப்படியோ நடுக்கோட்டைத் தொட்டுவிட்டு எழுந்தான். தொடையைத் தட்டினான். ஊரே கத்தியது. நானும் கை தட்டினேன்.

"சார், கை தட்டாதீங்க. அவன் எந்தப் பக்கம் நிக்கிறான் பாருங்க!"

விக்னேஷ் எதிரணி வரிசையில் போய் நின்றுகொண்டிருந்தான். கிண்டல் செய்கிறான் என்று எல்லாரும் சிரித்தார்கள். விசில் டாக்டர் ஊதினார். ஆட்டம் நின்றது. "நடுவர் நானா இல்ல அந்தம்மாவா?" என்று நடுவர் குதித்தார். இவர் அதற்குள் களத்துக்குள் ஓடிவிட்டார், நாங்கள் பின்னால்.

"தம்பி, இப்ப எந்த டீமோட ஆடற?"

"தாமல் மேடம்."

தாமல்காரர்கள் காலையிலேயே தோற்றுவிட்டு, மேடைப் பக்கம் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவன் இனிமே ஆடக் கூடாது" என்றார். அவ்வளவுதான், ஊர் திரண்டு வந்துவிட்டது. "லேசாதாம்மா பட்டுது, மூஞ்சில தண்ணி தெளிச்சா தெளிஞ்சிடுவான்! ஆபீசர் குந்திக்கினு இருக்காரும்மா!" என்று தலைவர் கெஞ்சினார். விக்னேஷ் காலில் விழப்போனான். "ஒரே ரெய்டு மேடம். எங்கம்மா சத்தியமா ஒண்ணும் இல்ல."

அவர் அவன் பனியனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அதே தலையில இன்னொரு அடி பட்டா வேல வாங்க ஆளே இருக்க மாட்டான்ணா. என்ன அடிக்கணும்னா அடிங்க, இவன விட மாட்டேன்" என்றவர் எங்கள் பக்கம் திரும்பி, "சார், கூட்டம்!" என்றார்.

சௌந்தரும் நானும் கைகோத்து நின்று தள்ளினோம். எங்கள் இரண்டு தொப்பைகளும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டன. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே விக்னேஷ் வாந்தி எடுத்தான். கத்திக்கொண்டிருந்தவர்கள் விலகி வழி விட்டார்கள். தலைவர் அந்தப் பட்டுச் சால்வையால் அவன் வாயைத் துடைத்துவிட்டார்.

முசரவாக்கம் ஒரு பாயிண்டில் தோற்றது. ஆபீசர் பரிசளிப்புக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டார். அந்த வேலை அவனுக்குக் கிடைக்கவே இல்லை.

மறுநாள் காலை விக்னேஷைப் பார்க்க ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனோம். ஸ்கேனில் பயப்படும்படி எதுவும் இல்லை. விசில் டாக்டரைப் பார்த்ததும் விக்னேஷ் எழுந்து உட்கார்ந்து வெடித்தான்.

"இன்னாத்துக்கு வந்தீங்க? காஞ்சிபுரம் டீமுகிட்ட ஒரே ஒரு பாயிண்டு! நான் போயிருந்தா எடுத்திருப்பேன்! ஆபீசர் ரெண்டாவது சேர்ல ஊதா சட்ட போட்டுக்கினு உக்காந்திருந்தாரு, என்னத்தான் பாத்துக்கினு இருந்தாரு! எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே மேடம்!"

அவர் பக்கம் திரும்பினேன். முகமெல்லாம் பல்லாக நின்றிருந்தார். "திட்டு தம்பி, இன்னும் திட்டு" என்றார். அவன் திட்டி முடித்துத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவன் முதுகைக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

"டீம் பேரு கரெக்ட், பாயிண்ட் கரெக்ட், சட்டக் கலர் கூட கரெக்ட் சார்!" என்றார் என் கையைப் பிடித்துக் குலுக்கி. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.