சக்கரவர்த்திக்கு ஒரு மாலை

பெட்டியைப் பிரித்துப் படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, நித்தியானந்தனும் மனைவி சிவனேஸ்வரியும் அதற்குள் பிள்ளையைத் தேடினார்கள்.

இணையத்தில் நித்தியானந்தன் வாங்கியது இயேசு பிறப்பு. பழைய பிரெஞ்சு ஓவியம் ஒன்றின் பிரதி, தங்கநிறச் சட்டம் போட்டு, கதவளவு பெரிது. ஆனால் நடுவில் உயரமான சிம்மாசனத்தில் ஒரு ரோமச் சக்கரவர்த்தி வீற்றிருந்தார். சுற்றிவரப் படைவீரர்கள், அமைச்சர்கள், இடுப்பில் துணியில்லாத கைதிகள்.

"பிள்ளை எங்கையப்பா?" என்றார் சிவனேஸ்வரி.

மகள் ராகவிதான் தரையில் குந்தியிருந்து கண்டுபிடித்தாள். அடி ஓரத்தில் மரியாள், யோசேப்பு, குழந்தை. மூவரும் சேர்ந்து ஒரு கையளவு.

"அப்பா, திஸ் இஸ் அகஸ்டஸ். ஜீசஸ் இஸ் ஜஸ்ட் த கெஸ்ட்."

அந்த அரசர் காலத்தில்தான் இயேசு பிறந்தாராம். ஓவியர் இரண்டையும் ஒரே படத்தில் போட்டுவிட்டாராம். விற்றவர்கள் போட்டிருந்த விளக்கத்தை அவள் வாசித்துச் சொன்னாள். வாங்கியவர் அதை வாசிக்கவில்லை.

படம் பக்கத்து வீட்டு பெவர்லிக்கு. ரோவில் என்ற இந்தப் புறநகருக்கு வந்த புதிதில் இவர்களிடம் கார் இல்லை. ஒரு விடியற்புறம் சிவனேஸ்வரிக்கு வலி கண்டபோது, பெவர்லிதான் படுக்கை உடுப்போடேயே ஓடிவந்து, தன் சின்னக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தாய்க்கு அடுத்ததாக ராகவியைத் தூக்கியவரும் அவர்தான். பிறகு சிவனேஸ்வரிக்குக் கார் ஓட்டப் பழக்கினார். நித்தியானந்தனுக்கு வேலை போன குளிர்காலத்தில் கதவடியில் சூப் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார். இவர்கள் அவரைப் பற்றிக் கேட்டதைவிட, அவர் இவர்களைப் பற்றிக் கேட்டதே அதிகம்.

இப்போது அவர் மகள் கிளேரோடு இருப்பதற்காக நகரின் மறுகோடியிலுள்ள வெரிபீக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை இவர்கள் வீட்டில் கடைசி மத்தியானச் சாப்பாடு. பிள்ளைப்பேற்றுக்குத் துணை நின்றவருக்குப் பிள்ளை பிறந்த படம் கொடுப்பதுதான் பொருத்தம் என்று நித்தியானந்தன் நினைத்தார். வெள்ளைக்காரர், கிறிஸ்தவராகத்தான் இருப்பார் என்பதில் இருவருக்கும் ஐயமே எழவில்லை.

திருப்பி அனுப்ப நேரமில்லை. பக்கத்து ஊரான டண்டினோங்கில் படங்களுக்குச் சட்டம் போடும் நண்பர் செந்தில்நாதனிடம் கொண்டுபோனார். மேற்பாதியைத் தடித்த அட்டையால் மறைத்தால் பிள்ளை எடுப்பாகத் தெரியும் என்று அவர் ஒட்டிக் கொடுத்தார். அட்டை அரசரின் கழுத்தோடு நின்றுவிட்டது.

"தலையில்லாத ராசாவை ஆருக்கப்பா குடுக்கிறது?" என்று சிவனேஸ்வரி வாசலிலேயே மறித்தார்.

நித்தியானந்தன் குசினிக் கத்தியால் அட்டையைக் கிளப்பினார். தலை திரும்ப வந்தது. ஆனால் கழுத்தைச் சுற்றி வெட்டுக்காயம் போல ஒரு வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. அதை மறைக்க, சாமிப் படத்துக்கு வாங்கிய பிளாஸ்டிக் மல்லிகை மாலையை அரசருக்குப் போட்டார். தள்ளி நின்று பார்த்தபோது, அகஸ்டஸ் காலமாகி முப்பத்தொன்றாம் நாள் சடங்கும் முடிந்தவர் போல இருந்தார். ராகவி சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து சரிந்தாள்.

சரி, பார்ப்பவர் கண்ணைக் கீழே இழுக்கலாம் என்று பிள்ளைக்கு மேலே ஒரு சின்ன விளக்கைப் பூட்டினார். வெளிச்சம் பிள்ளையைத் தாண்டி, திரும்பி நின்ற ஒரு கைதியின் பின்புறத்தில் போய் விழுந்தது. சிவனேஸ்வரி விளக்கைக் கழற்றினார். பிறகு தன் பட்டுச்சேலை ஒன்றை எடுத்து, பிள்ளை மட்டும் தெரிகிற மாதிரிப் படத்தை மூடி, ஊசி குத்திவிட்டார்.

ஞாயிறு பெவர்லியும் கிளேரும் வந்து, சாப்பாடு முடிந்ததும் நித்தியானந்தன் எழுந்து நின்றார். பாடமாக்கி வைத்த ஆங்கிலம் பாதியில் மறந்துபோனது. அன்றைக்கு நீங்கள் வந்திருக்காவிட்டால் இந்தப் பிள்ளை எங்களுக்கு இல்லை, நன்றி சொல்லத் தெரியவில்லை என்று மட்டும் சொன்னார். தயவுசெய்து படத்தின் கீழ்ப்பக்கத்தை மட்டும் பாருங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

பெவர்லி சேலையின் கரையைத் தொட்டுப் பார்த்தார். ஊசி கழன்றது. சேலை வழுகித் தரையில் விழ, சக்கரவர்த்தி மாலையும் கழுத்துமாக வெளிப்பட்டார்.

பெவர்லி மேலே பார்த்தபடியே நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழத் தொடங்கினார்.

இது பிழையாக வந்த படம், பிள்ளை மட்டும் இருக்கிற வேறு படம் வாங்கித் தருகிறேன் என்று நித்தியானந்தன் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். சிவனேஸ்வரி சேலையை எடுத்துத் திரும்ப மூடப் போனார்.

கிளேர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மூடாதீர்கள். அம்மா தேவாலயப் பக்கமே போகாதவர், ஆனால் ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் ரோமச் சரித்திரம் படிப்பித்தவர். அவருக்கு அகஸ்டஸ் என்றால் உயிர் என்பதைப் பெற்ற மகள் நானே ஒருநாளும் கவனித்ததில்லை, நீங்கள் மாலையே போட்டிருக்கிறீர்கள்."