நிதி நெருக்கடிக்கு இறால் பிரட்டல்

கோழியை வெட்டித் தூள் பிரட்டி வைத்த பிறகுதான், தான் சாப்பாடு கொடுக்க ஒப்புக்கொண்ட நாளைய கூட்டத்தில் பேசப்போவது யாரென்று பீற்றிஸுக்குத் தெரிந்தது.

"உலக நிதி நெருக்கடி: காரணங்களும் பாடங்களும்" என்ற அழைப்பிதழ் புருஷன் பேர்னாட்டின் போனுக்கு வந்திருந்தது. தலைப்புக்குக் கீழே கோட் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான் வல்லிபுரம்.

அவனேதான். நிதிக் கம்பனி மனேஜராக வீடு தேடி வந்து, "பாங்கை விட ரெட்டிப்பு வட்டி, அக்கா" என்று குழைந்தவன். சோத்துப் பார்சல் விற்றுச் சேர்த்ததையெல்லாம் பீற்றிஸ் அவனிடம் கட்டினாள். கம்பனியை இழுத்து மூடினார்கள். ஆள் மாயமானான். அவள் கட்டத் தொடங்கிய வீடு கூரையில்லாமல் அப்படியே நின்றுவிட்டது.

"இவனுக்கு நான் சமைக்கிறதா? ஏலாது!"

"அவங்க தந்த அட்வான்ஸிலதானேகா கோழி வாங்கின," என்றார் பேர்னாட். "திருப்பிக் குடுக்க நம்மட்ட என்ன கிடக்கு?"

பீற்றிஸ் அடுப்பை முறைத்தாள். பிறகு போனைப் பறித்து, கூட்டத்தை ஒழுங்கு செய்யும் டினுஷாவை அழைத்தாள்.

"பிள்ள, சாமானெல்லாம் விலை. ரெண்டு மடங்கு தந்தாத்தான் சாப்பாடு."

"சரி அன்ரி," என்றாள் டினுஷா, மறுபேச்சில்லாமல்.

பீற்றிஸுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "பாத்தீங்களா! அவன்ட கூட்டத்துக் காசு. என்ட காச இப்பிடியாவது கறந்து எடுப்பம்."

ருசி பிடித்துவிட்டது. மறுபடி அழைத்துச் சாப்பாட்டுப் பட்டியலில் இறால் சேர்த்தாள். சரி என்றார்கள். நண்டு சேர்த்தாள். அதற்கும் சரி.

ஆனால் இறால் வாங்கக் கையில் காசில்லை. பேர்னாட்டின் கல்யாண மோதிரம் அடகுக்குப் போனது. பனிச்சங்கேணியிலிருந்து வந்த நண்டுக்குச் சட்டி போதவில்லை. வாடகைக்கு எடுத்த சட்டி அடிப்பிடித்து, கறி முழுவதும் கருகிப்போனது. புதிதாக நண்டு வாங்க அவருடைய சைக்கிளும் போனது.

"நான் நடந்தா வேலைக்குப் போற?"

"பில்லில போடுவம். பேசாம வெங்காயத்த உரிங்க!"

மறுநாள் புளியந்தீவு மண்டபத்தின் பின்பக்கத்தில் சோற்றைக் கிண்டிக்கொண்டிருந்தவளுக்கு வல்லிபுரத்தின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது.

"நெருக்கடிக்கு மூலகாரணம் என்ன? அமெரிக்காவிலும் சரி, இங்கேயும் சரி, சாதாரண சனங்களின் பேராசை! கட்ட வக்கில்லாதவர்கள் வீடு கேட்டார்கள். உழைக்காமல் வட்டி கேட்டார்கள்."

கரண்டியும் கையுமாகப் பீற்றிஸ் மேடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஆருக்குடா பேராசை? வெயிலில நிண்டு பார்சல் வித்த எனக்கா? படியேறி வந்து வாங்கிட்டு ஓடின உனக்கா? நீ போட்டிருக்கிற கோட்டும் என்ட காசுடா!"

வல்லிபுரம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான்.

"பணம் போட்ட வைப்பாளர்களின் பதற்றம் என்று சற்றுமுன் சொன்னேனே, இதுதான் அது. அம்மாவுக்கு ஒரு கைதட்டுக் கொடுங்கள்!"

கொடுத்தார்கள். பலமாகவே கொடுத்தார்கள்.

பீற்றிஸுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாசலில் இறாலைச் சுவைத்துக்கொண்டு நின்ற டினுஷாவைப் பிடித்தாள்.

"பில்ல மூண்டு மடங்காப் போடு பிள்ள! ஒரு சதம் குறைக்க மாட்டன். அவன்ட வயிறு எரியட்டும்!"

"அவர்ட வயிறு ஏன் அன்ரி எரியுது?" என்றாள் டினுஷா, விரலை நக்கியபடி. "அந்த மூடின கம்பனியில, காசு கட்டின சனத்துக்குப் பிரிச்சுக் குடுக்கவெண்டு மிஞ்சிக் கிடந்த காசிலதானே இந்தக் கூட்டமும் சாப்பாடும்!"